கடைமடையில் எந்தத் தண்ணீரைக் கேட்பது?

அடுத்த கிராம சபையில் "எங்கள் ஊருக்குக் குடிநீர் வசதி செய்து தர வேண்டும்" என்று மொட்டையாக ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவதை இந்தத் தடவையாவது நிறுத்த வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தில், சாயல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிற எங்கள் ஊரில் அந்த வரி வருடா வருடம் நிறைவேறிக்கொண்டுதான் இருக்கிறது. அதை யார் எதிர்ப்பார்கள்? ஒருவரும் எதிர்க்காத தீர்மானத்துக்கு ஒருவரும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. எந்தத் தண்ணீர், எங்கிருந்து, யார் பொறுப்பில் என்று எழுதினால்தான் நாளைக்கு ஒரு ஆளைப் பிடித்துக் கேட்க முடியும்.

அப்படி எழுத வேண்டுமானால் முதலில் நாம் ஒரு முடிவுக்கு வர வேண்டும். இந்தக் கடற்கரை ஊர்களுக்கு முன்னால் இருப்பவை நான்கு வழிகள். திருச்சியிலிருந்து வரும் காவிரிக் குழாய், கடல்நீரையோ நிலத்தடி உப்புத் தண்ணீரையோ சுத்திகரிக்கும் ஆலை, ஊருணியும் மணல் ஊற்றும், கடைசியாக லாரி. எத்தனை லிட்டர், எவ்வளவு ரூபாய் என்று கணக்குப் போட்டு ஒப்பிடுவது வழக்கம். நான் அதோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்கிறேன். தண்ணீர் நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? 2020-இல் கொரோனாவுக்காக நடந்தது போல மாவட்ட எல்லைகளை மூடிவிட்டால் எது தொடர்ந்து கிடைக்கும்?

முதல் கேள்வி இந்த மாவட்டத்துக்குப் பழையது. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று தமிழ்நாடு முழுக்க அதிகாரிகளை மிரட்டுவார்களே, அந்தக் காடு நாங்கள்தான். தண்டனையாக வருகிறவர் வந்த அன்றே திரும்பிப் போகிற வழியைத்தான் தேடுவார். நன்றாக வேலை பார்த்தவர்களும் வந்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கோப்பு ஒரே மேசையில் கிடக்க, மேசைக்குப் பின்னால் ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தால் கேள்வி கேட்பவருக்குத்தான் அலுத்துப்போகும். இத்தனைக்கும் மழையே இல்லாத பூமி இல்லை இது. மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 827 மில்லிமீட்டர். பெரும்பகுதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடுகிறது. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று ஆர்.எஸ். மங்கலம் கண்மாயைச் சொல்வார்கள். அவ்வளவு பெரிய கண்மாயை வெட்டியவர்கள் மழையை நம்பாமலா வெட்டினார்கள்?

எல்லை மூடிய வருடம்

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு மாநிலம் பூட்டப்பட்டபோது குடிநீரை நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. சரக்கு வண்டிகளும் ஓடின. ஆனால் தண்ணீர் ஆட்களை நம்பி வருவது. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். ஆரம்பத்தில் தனி ஆளுக்கு அது கிடைத்த காரணங்கள் கல்யாணம், சாவு, அவசர வைத்தியம், மாட்டிக்கொண்டவர் ஊர் திரும்புவது. மோட்டார் காயில் எரிந்துபோனதெல்லாம் அந்தப் பட்டியலில் வராது. ஜூன் 1 முதல் மாவட்டங்களை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்குள் போய்வர இ-பாஸ் வேண்டாம் என்றார்கள். மதுரையும் ராமநாதபுரமும் ஒரே மண்டலத்தில் இருந்ததால் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. ஜூன் 24-இல் மதுரைக்கு முழு ஊரடங்கு வந்தது, 25-இலிருந்து மறுபடியும் மாவட்ட எல்லைக்கு இ-பாஸ். செப்டம்பர் 1-இல்தான் மாவட்டங்களுக்கிடையே அது எடுக்கப்பட்டது.

எல்லையை மூடியது சரியா என்ற வாதம் இன்றைக்கும் டீக்கடையில் முடியவில்லை. நோய் பரவும்போது நடமாட்டத்தைக் குறைத்ததில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். என் குறை வேறு. விதி அடிக்கடி மாறியது, விதியைப் பற்றிக் கேட்கும் இடமோ மூடிக் கிடந்தது. 2020 அக்டோபர் 2 கிராம சபை தொற்றைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2021 அக்டோபர் 2-இல்தான் சபை கூடியது. டாஸ்மாக் 2020 மே மாதமே திறந்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

எல்லை என்பது இந்தக் கரைக்குப் புதிய சங்கதியும் இல்லை. கடலுக்குள் ஒரு எல்லைக்கோட்டை வைத்துக்கொண்டுதான் மீன்பிடிக்கப் போகிறார்கள். 2021-இல் தொற்றைச் சொல்லிக் கச்சத்தீவுத் திருவிழாவுக்கு இங்கிருந்து யாரையும் விடாதபோது, யாரிடம் முறையிடுவது என்றாவது தெரிந்திருந்தது. சாலையில் தடுப்பைப் போட்டு நின்ற மாவட்ட எல்லையில் அதுவும் இல்லை. நாளைக்குப் பத்துத் தடவை கையைக் கழுவச் சொன்ன அந்த வருடத்தில், சென்னையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பிள்ளைகள் ஊர் திரும்பி வீட்டில் தலை கூடியது. குடம் பத்து ரூபாய், பதினைந்து ரூபாய்க்கு வாங்கிப் புழங்கும் வீட்டில் கை கழுவுவதும் செலவுக் கணக்குதான்.

காவிரிக் குழாய்

ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை மூன்று மாவட்டங்களுக்குமாகச் சேர்த்து 616 கோடி ரூபாயில் 2006-க்குப் பிந்தைய திமுக ஆட்சியில் வந்தது கூட்டுக் குடிநீர்த் திட்டம். திருச்சி அருகே காவிரிப் படுகையில் எடுத்து, நீரேற்று நிலையம் நிலையமாகத் தள்ளி, கடைசியில் எங்கள் கடற்கரைக்கு வந்து சேர வேண்டும். 2,800 கோடிக்கும் மேலான மதிப்பில் இன்னொரு கூட்டுக் குடிநீர்த் திட்டமும் எடுத்திருக்கிறார்கள்.

இந்தத் தண்ணீரின் தரத்துக்கு ஈடில்லை. பருப்பு வேகும், டீ நிறம் மாறாது. வெளியூர் விருந்தாளி வந்தால் "இது காவிரித் தண்ணி" என்று சொல்லிக் கொடுக்கிற வீடுகள் உண்டு. இதைவிட முக்கியமான இன்னொன்று: குழாய்த் தண்ணீர் உரிமையாக வருகிறது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று எழுத்தில் வைத்திருக்கிறது. 2,000 பேர் உள்ள ஊருக்கு அது 1,10,000 லிட்டர். இந்த எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். ஊருணிக்கு அப்படி ஒரு எண் கிடையாது.

சிக்கல் நாங்கள் கடைமடை என்பதில் இருக்கிறது. வழியில் எங்கே குழாய் உடைந்தாலும், எங்கே மின்சாரம் போனாலும், எந்த ஏர் வால்வில் ஒழுகினாலும் அது எங்கள் குடத்தில்தான் குறையும். அப்புறம் பொறுப்பு விஷயம். ஊர்த் தொட்டி வரை கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம், தொட்டியிலிருந்து தெருவுக்கு விடுவது ஊராட்சி. தண்ணீர் வராத நாளில் தொட்டி ஆபரேட்டரிடம் கேட்டால், "அண்ணே, லைன்லயே தண்ணி வரல, என்னைய என்ன செய்யச் சொல்றீக?" என்பார். வாரியத்தில் கேட்டால் அனுப்பியாயிற்று, பஞ்சாயத்தைக் கேளுங்கள் என்று பதில் வரும். இரண்டுமே சில நாட்களில் உண்மையாக இருக்கலாம். எது எந்த நாளில் உண்மை என்று காட்ட ஒரே ஒரு பொருள் போதும். தொட்டிக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு மீட்டர். எங்கள் தீர்மானத்தில் காவிரியைப் பற்றி எழுத வேண்டியது அந்த மீட்டரைத்தான். தினமும் அதன் எண்ணைத் தொட்டிச் சுவரில் எழுத வேண்டும். எழுதாவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மாதாந்தர அளவையும் ஊராட்சி வாரியத்துக்குக் கட்டிய தொகையையும் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. பொதுவாக "ஏன் தண்ணீர் வரவில்லை" என்று மனுப் போட்டால் பதிலும் பொதுவாகவே வரும்.

ஊராட்சியிடம் கேட்கலாம் என்றால் ஊராட்சி இருக்க வேண்டுமே. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பர் தேர்தல் முடிந்து 2020 ஜனவரியில் புதியவர்கள் பொறுப்பேற்கும் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. வந்த தலைவர்கள் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் ஊரடங்கு. 2025 ஜனவரி 5-இல் அவர்கள் காலமும் முடிந்து மறுபடி தனி அலுவலர். தனி அலுவலர் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். ஒன்றியத்தில் உள்ள ஊராட்சிகளின் தண்ணீர்ப் புகாரெல்லாம் அவர் ஒருவரின் மேசைக்கே போகும். தலைவர் நல்லவரோ கெட்டவரோ, காலையில் அவர் வீட்டு வாசலில் காலிக் குடத்தை வைக்க முடிந்தது.

சரி, எல்லை மூடினால்? காவிரிக்கு இ-பாஸ் தேவைப்படவில்லை. பெரிய நீரேற்று நிலையங்களுக்கு அத்தியாவசியப் பணி என்ற அடையாளமும் இருந்தது. இந்தக் கேள்வியில் குழாய் பெரும்பாலும் தேறிவிட்டது. ஊருக்குள் இருந்த எங்கள் மோட்டார்தான் தேறவில்லை.

குழாயோடு சேர்த்துக் குண்டாறு இணைப்பையும் சிலர் தீர்மானத்தில் நுழைக்கப் பார்க்கிறார்கள். மாயனூரிலிருந்து குண்டாறு வரை 262 கிலோமீட்டர், 14,400 கோடி ரூபாய், 2021 பிப்ரவரி 21-இல் அடிக்கல். காவிரியின் வெள்ளநீரைத் தெற்கே திருப்பும் திட்டம் அது. நிறைவேறினால் சந்தோஷம், ஆனால் அடுத்த கோடைக்கான குடிநீர்த் தீர்மானத்தில் அதற்கு வேலை இல்லை.

கடலைக் குடிநீராக்குவது

கடல் பக்கத்திலேயே இருக்கிறது, அப்புறம் எதற்குத் திருச்சி? இளைஞர்கள் கேட்கும் கேள்வி, கேட்கத் தகுந்த கேள்வியும்தான். இதற்கு எங்கள் கரையிலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது. 1990-களின் கடைசியில் நரிப்பையூரில் நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் திறனில் கடல்நீர் ஆலை அமைத்தார்கள். நாட்டிலேயே முன்னோடி முயற்சிகளில் ஒன்று. வருடங்கள் போகப் போகத் திறன் குறைந்து முடங்கிப்போனது. தொழில்நுட்பம் தோற்றது என்று சொல்ல மாட்டேன், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் சென்னைக்கு அதுதான் தண்ணீர் தருகிறது. அங்கே ஒருநாள் நின்றால் தலைப்புச் செய்தி. இங்கே நின்றால் லாரிக்காரருக்கு வேலை.

பிறகு குதிரைமொழியில் நாளொன்றுக்கு 6 கோடி லிட்டர் ஆலை என்று அறிவிப்பு வந்தது. அந்த அளவை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடல்நீரில் ஏறக்குறைய நாற்பது சதவீதம்தான் நல்ல தண்ணீராகத் தேறும். 6 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்தால் 9 கோடி லிட்டர் கடும் உவர்நீர் திரும்பக் கடலுக்குப் போகும். அந்தக் கடல் மன்னார் வளைகுடா. 21 தீவுகளோடு தேசியப் பூங்காவாக 1986-இல் அறிவிக்கப்பட்ட இடம். உவர்நீரை எவ்வளவு தூரம் உள்ளே கொண்டுபோய், எப்படிக் கலந்து விடுவார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கரையோரக் கடற்புல்லுக்கும் மீனுக்கும் என்ன ஆகும் என்பது இருக்கிறது. மின்சாரம் ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட். 6 கோடி லிட்டருக்குத் தினமும் இரண்டு லட்சம் யூனிட் அளவில் ஓடும். இந்தச் செலவைப் பஞ்சாயத்து தாங்காது, அரசு தாங்க வேண்டும். அரசு தாங்குகிற வரை ஓடும்.

ஊருக்குள் வைக்கிற சிறிய ஆர்.ஓ. கூடம் வேறு கதை. காசு போட்டால் கேனில் தண்ணீர் விழும். நிலத்தடி உப்புத் தண்ணீரைத்தான் அது சுத்திகரிக்கிறது, சுமாராக ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஒரு குடம் கழிவு. திறப்பு விழா அன்று எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். சில வருடத்தில் மெம்பரேன் என்கிற வடிகட்டிச் சவ்வை மாற்ற வேண்டும், அதற்கு ஆளும் பணமும் வேண்டும், பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்திருக்கும். இந்த மாவட்டத்தில் கதவு சாத்திக் கிடக்கும் கூடங்களைப் பார்க்காதவர்கள் குறைவு. பொதுமுடக்கத்தில் முதலில் படுத்ததும் இதுதான், எங்கள் பக்கத்தில். பழுது பார்க்கும் ஆள் வெளி மாவட்டம்.

லாரியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. கூப்பிட்டால் வரும், காசு கொடுத்தால் தரும். எல்லை மூடியபோதும் வந்தது. அதன் குறையும் அதுவேதான். லாரி நன்றாக ஓடும் ஊரில் குழாய்க்காக யாரும் சண்டை போடுவதில்லை. வசதியுள்ளவர் வாங்கிக்கொள்கிறார், இல்லாதவர் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தூரத்து ஊற்றுக்குப் போகிறார். அரசுச் செலவில் லாரி விடும்போது எத்தனை நடை வந்தது என்ற பதிவேட்டில் தெருக்காரர் ஒருவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். அவசரத்துக்கு மட்டும் லாரி என்று எழுதிவிட்டு நகரலாம்.

ஊருணியும் மணல் ஊற்றும்

என் மனம் சாய்கிற இடம் இது. ஆகவே கொஞ்சம் கடுமையாகவே பார்க்கிறேன்.

ஒரு ஏக்கர் ஊருணி, மூன்று மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். நிறைந்தால் ஏறக்குறைய 1.2 கோடி லிட்டர். இந்த வெயிலுக்கும் காற்றுக்கும் வருடத்தில் பாதி ஆவியாகிவிடும் என்றே கழித்தாலும் 60 லட்சம் மிஞ்சும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 10 லிட்டர் என்றால் 2,000 பேருக்கு 300 நாள். மழை பெய்த வருடத்தில் ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்தது அடுத்த ஆவணி தாண்டி வரும். மின்சாரம் வேண்டாம், மெம்பரேன் வேண்டாம், மாவட்டம் தாண்டி ஒருவரும் வர வேண்டாம். எல்லையை எத்தனை மாதம் மூடினாலும் கவலையில்லை.

இவ்வளவும் ஊருணிக்குள் தண்ணீர் வந்தால்தான். வரத்துக்கால் அடைபட்டிருக்கிறது. நூறு நாள் வேலையில் ஊருணியை ஆழப்படுத்தினார்கள், கரையில் மண்ணைக் கொட்டினார்கள், தண்ணீர் வரும் காலை யாரும் தொடவில்லை. தொட்டால் யாருடைய கருவேலங்காடு போகும், யாருடைய காம்பவுண்டுச் சுவர் இடிபடும் என்று எல்லாருக்கும் தெரியும். பொறுப்பு இங்கேயும் சிதறித்தான் கிடக்கிறது. ஊருணி ஊராட்சியுடையது. மேலே இருக்கும் கண்மாய் 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ளதானால் நீர்வளத் துறை, குறைவானால் ஒன்றியம். ஆக்கிரமிப்பை அளக்க வருவாய்த் துறை. ஆனால் ஒரு வித்தியாசம், இவர்கள் எல்லாரையும் ஒரே நாளில் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்.

இன்னொன்றை மூடி மறைக்கக் கூடாது. ஊருணி எல்லாருக்கும் பொதுவாக இருந்ததில்லை. எந்தப் படித்துறையில் யார் இறங்கலாம், யார் கரையில் நின்று ஊற்றச் சொல்லிக் கேட்க வேண்டும் என்ற வழக்கம் இந்தப் பக்கத்திலும் இருந்தது. தெருமுனைக் குழாய் வந்தபோது பலருக்கு அது தண்ணீரைவிடப் பெரிய விஷயமாக இருந்தது. "ஊருணியை மீட்போம்" என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மீட்பதானால் பம்பும் மணல் வடிகட்டியும் வைத்து எல்லாத் தெருவுக்கும் குழாயில் விடுவதாகவே மீட்க வேண்டும்.

மணல் ஊற்று இந்தக் கரையின் அதிசயம். அலை அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே குழி தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்புவார்கள். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே நாற்பது மீட்டர் வரை உப்பைத் தள்ளி வைக்கும் என்பது கணக்கு. அப்படியே திருப்பிப் பார்த்தால், மேலே ஒரு மீட்டரை மோட்டார் போட்டு உறிஞ்சினால் கீழிருந்து உப்பு நாற்பது மீட்டர் ஏறி வரும். எங்கள் மதினி வீட்டுக் கிணறு அப்படித்தான் போனது, பக்கத்தில் இரண்டு போர் போட்ட பிறகு. ஆகவே மணல் திட்டில் போர் போடக் கூடாது என்பது தீர்மானத்தில் இருந்தே ஆக வேண்டும். மொண்டு எடுக்கும் அளவுக்குத்தான் அது தாங்கும்.

கூரை மழைநீர்ச் சேகரிப்பை 2003-இலேயே கட்டாயமாக்கினார்கள். 50 சதுர மீட்டர் கூரையில் வருடத்துக்கு 30,000 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். சேர்த்து வைக்கத் தொட்டிதான் இல்லை. 5,000 லிட்டர் தொட்டி ஐந்து பேர் குடும்பத்துக்குக் குடிக்கச் சமைக்க 100 நாள் வரும். அதற்கு மானியம் கேட்பது, இன்னொரு ஆர்.ஓ. கூடம் கேட்பதைவிட மேல்.

எதை எழுதுவது

என் முடிவு இது. புழக்கத்துக்குக் காவிரிக் குழாய். தொட்டி வாயில் மீட்டர், சுவரில் தினசரி அளவு, ஆளுக்கு 55 லிட்டர் என்ற எண், வாரியத்தில் பதில் சொல்ல வேண்டிய பதவியின் பெயர். குடிக்கவும் சமைக்கவும் ஊருணி. சர்வே எண் போட்டு, வரத்துக்காலை முதலில் அளந்து, ஆடி முடிவதற்குள் திறந்துவிட வேண்டும். பெரிய கடல்நீர் ஆலையை ஊராகக் கேட்க வேண்டாம், வந்தால் உவர்நீர்க் குழாய் எங்கே முடிகிறது என்பதை மீனவர்களை வைத்துக்கொண்டு பேச வேண்டும். புதிய ஆர்.ஓ. கூடம் வேண்டாம், இருப்பதை ஓட்ட மாவட்டத்துக்குள் இருக்கும் ஒரு மெக்கானிக்கோடு ஒப்பந்தம் போதும்.

தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபை. 2022-இல் சேர்த்த மார்ச் 22, நவம்பர் 1 இரண்டுமே இதற்கு வாகான தேதிகள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், கோடை தொடங்கும் நேரம். மீட்டரைப் பற்றி அன்றைக்குப் பேசலாம். நவம்பர் 1-இல் மழை இறங்கியிருக்கும், ஊருணியில் தண்ணீர் ஏறியதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டே சபையில் உட்காரலாம்.

இன்னொரு வரியும் எழுத வேண்டும். வீட்டுக் குழாயில் மோட்டார் போட்டு லைனை உறிஞ்சுகிறவர்களின் இணைப்பைத் துண்டிப்பது. இதைப் படித்தால் கூட்டத்தில் கொஞ்சப் பேர் எழுந்து போய்விடுவார்கள், அதில் என் சொந்தக்காரர்களும் இருப்பார்கள். ஆகவே அதைக் கடைசியில் வைக்காமல், கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள் (கோரம்) இருக்கும்போதே முதல் தீர்மானமாக எடுத்துக்கொள்ளச் சொல்லப் போகிறேன்.